வேலை இழந்தவரின் கொடுப்பனவு: ஊரவர்க்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு,

கனடாவில் வேலை இழந்தவர் பெறும் கொடுப்பனவு ஊர்ப்பேச்சில் ‘சும்மா இருக்கக் கிடைக்கும் காசு’ ஆகிவிடுவதும், வேலையில்லாத காலத்தில் அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துபோகலாமே என்று எதிர்பார்க்கப்படுவதும் வழக்கமாகிவிட்டன. இரண்டுமே அப்பணத்தின் இயல்பை அறியாமல் எழுந்த எண்ணங்களாதலால், அதை விளக்க முயல்கிறது இம்மடல்.

1940ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் தொடங்கி, 1996இல் ‘தொழில் காப்புறுதி’ என்று பெயர் மாறிய இத்திட்டத்துக்குத் தொழிலாளியின் ஒவ்வொரு சம்பளத்திலிருந்தும் கட்டுப்பணம் கழிக்கப்படுகிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2025ஆம் ஆண்டில் அது நூறு டொலருக்கு 1.64 டொலராக இருந்தது, அதைப்போல 1.4 மடங்கை முதலாளி கட்டவேண்டும். இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி அவரவர் பெயரில் சேர்வது. இதுவோ எல்லோரும் கட்டிய பொது நிதியிலிருந்து வேலை போனவருக்குச் சேர்வது. ஆகவே இதைப் பெறுவதில் எவருக்கும் இழுக்கில்லை.

கிடைப்பது முன்னைய சராசரி வார ஊதியத்தில் 55 வீதம்; 2025இல் எவ்வளவு உழைத்தவருக்கும் வாரத்துக்கு 695 டொலருக்கு மேல் இல்லை; அதற்கும் வரி உண்டு. வாடகையும் கடனும் போனபின் ஊருக்கு அனுப்பும் பணமே முதலில் குறையும் என்பதால், அக்குறைவை மனம் மாறியதன் அடையாளமாகக் கொள்வது பெரும் அநியாயம்.

விண்ணப்பிப்பவர், அவர் உழைத்த மணித்தியாலங்களையும் வேலை நின்ற காரணத்தையும் முதலாளி எழுதித்தரும் ‘வேலைப் பதிவுப் பத்திரம்’ வழியே, வட்டாரத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலங்கள் வரை உழைத்திருப்பதை நிறுவவேண்டும். கணக்கில் காட்டாமல் கையில் காசு வாங்கி உழைத்தவருக்கு அப்பத்திரமே இராது. தகுதி இருந்தும், ‘வேலை போய்விட்டதாம்’ என்ற செய்தி ஊருக்கு எட்டிவிடும் என்ற வெட்கத்தால் காலம் கடத்துபவரும் உளர். கடைசி வேலைநாளிலிருந்து நான்கு வாரங்களுக்குமேல் தாமதித்தால் சேரவேண்டியதையே இழக்க நேரிடலாம். எனவே தொலைபேசியில் பேசும் உறவினர் முதலில் கேட்கவேண்டியது, விண்ணப்பம் போட்டாயிற்றா என்பதே.

கொடுப்பனவு தொடங்கிய பின்னரும் இரு வாரங்களுக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தாகவேண்டும்: வேலை ஏதும் செய்தாரா, வேலைக்குப் போகத் தயாராக இருந்தாரா, நாட்டைவிட்டு வெளியே போனாரா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கும். வெளிநாட்டில் நிற்கும் நாட்களுக்குப் பொதுவாகக் கொடுப்பனவு இல்லையாதலால், திருவிழாவுக்கென்று வந்து நிற்பவர் அத்தனை நாள் வருமானத்தையும் கைவிட்டே நிற்கவேண்டும். மறைத்தால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு தண்டமும் இறுக்கவேண்டி வரலாம். நெருங்கிய உறவினரின் இறுதிச்சடங்குக்கு விதிவிலக்கு உண்டெனினும், அது தொடர்ச்சியாக 7 நாட்களுக்கு உட்பட்டதே. ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து திரும்பும் பயணத்திலேயே அவற்றுள் ஏறத்தாழ மூன்று நாட்கள் கரைந்துவிடும். தாய்க்குக் கொள்ளி வைத்த மகன் எட்டுச் சடங்குக்கும் நில்லாமல், முப்பத்தோராம் நாள் கீரிமலையில் செய்யவேண்டிய அந்தியேட்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கினாலேதான்.

இங்ஙனம்,
ஸ்காபரோவில் வாழும் ஊரவர் ஒருவர்