கொல்கத்தா போறீங்களா? அலிப்பூர் ஜூவின் கதை தெரியுமா?

கொல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்கா 1876-ல் திறக்கப்பட்டது. புலியையும் யானையையும் பார்க்கப் போகிறவர்கள், கூடவே இரண்டு கதைகளையும் தெரிந்துகொண்டு போகலாம்.

முதல் கதை, ‘அத்வைதா’ என்ற ராட்சத ஆமை. 2006-ல் இறந்தபோது அதற்கு 250 வயது என்றார்கள். ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்றும் சொல்வார்கள். ஆனால், உறுதியான பதிவு கிடையாது.

இரண்டாவது, ராம் பிரம்ம சன்யால். பூங்காவின் முதல் இந்தியக் கண்காணிப்பாளர். ஒவ்வொரு விலங்கின் உணவு, நோய், குட்டி ஈனுதல் எல்லாவற்றையும் குறித்துவைத்து, 1892-ல் பராமரிப்புக் கையேடே எழுதினார். 1889-ல் இங்கே ஒரு சுமத்ரா காண்டாமிருகக் குட்டி பிறந்தது. உயிரியல் பூங்காவில் அடுத்த குட்டி பிறந்தது 2001-ல், அமெரிக்காவின் சின்சினாட்டியில்! இன்று உலகிலேயே அந்த இனத்தில் மிஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு.

ஆமையின் வயது கதையாக நின்றுவிட்டது. காண்டாமிருகத்தின் பிறப்பு வரலாறாகிவிட்டது. எழுதிவைத்ததுதான் வித்தியாசம்.

வியாழக்கிழமை விடுமுறை. குளிர்காலத்தில் கூட்டம் அலைமோதும், காலையிலேயே போய்விடுங்கள். குட்டீஸ் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். சிப்ஸ் பாக்கெட் மட்டும் கூண்டுப் பக்கம் போகவே வேண்டாம்!