குரல் கொடுக்க வெட்கப்படுவோர்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமது செவிகளுக்கு 'ஃபோர்' என்பது மகிழ்ச்சியான ஒலி. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது, நான்கு ஓட்டங்கள் கிடைத்துவிட்டன என்பது அதன் பொருள். கோல்ப் மைதானத்தில் அதே ஒலி கேட்டால் கைதட்டலாகாது. இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு அந்தக் கணமே குனிந்துவிட வேண்டும். ஒலியால் ஒன்றாயினும் இது வேறு சொல். 'முன்னே' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து இது வந்தது என்பர் சிலர். பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காக முன்கூட்டியே சென்று நிற்கும் உதவியாளரை விளித்த சொல் சுருங்கி இவ்வாறு ஆயிற்று என்பர் வேறு சிலர். தோற்றம் எதுவாயினும் அது சொல்லும் சேதி ஒன்றே: நான் அடித்த பந்து திசை மாறி உங்களை நோக்கி வருகிறது, உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒற்றைச் சொல்லைக் கூவுவதா வேண்டாமா என்பது ஆட்டக்காரரின் நாகரிகத்தைப் பொறுத்த விடயம் என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. ஒருவரின் கண் பறிபோகக் கூடிய விடயத்தை நாகரிகம் என்ற தலைப்பின் கீழ் அடக்கிவிடலாமா என்பதே எனது கேள்வி.

கோல்ப் பந்து சிறியது. விதிகளின்படி அதன் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. எலுமிச்சங்காய் அளவிலான இப்பந்து, தொழில்முறை வீரர் ஒருவரின் மட்டையிலிருந்து மணிக்கு சுமார் 270 கிலோமீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. வார இறுதியில் பொழுதுபோக்குக்காக ஆடுபவர் அடிப்பதும் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டிவிடுவதுண்டு. கிரிக்கெட்டில் மிக வேகமான பந்துவீச்சாளரின் பந்தே மணிக்கு 160 கிலோமீற்றரை எட்டுவது அரிது. அதை எதிர்கொள்பவர் தலைக்கவசம் அணிந்து, பந்து வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கோல்ப் பந்தால் அடிபடுபவரோ பெரும்பாலும் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருப்பவர். பந்தொன்று புறப்பட்டதையே அறியாதவர்.

நெடுந்தூரத்துக்கு அடிக்கப்படும் பந்து ஐந்து அல்லது ஆறு விநாடிகள் வானில் இருக்கும். அது கோணிப் போய்விட்டதை அடித்தவர் முதல் விநாடியிலேயே அறிந்துவிடுகிறார். மட்டையில் பட்ட ஓசையே அவருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். எஞ்சிய நான்கைந்து விநாடிகளில் அந்த ஆபத்தைப் பற்றிய அறிவு அவரிடமும் அவருக்கு அருகில் நிற்பவர்களிடமும் மட்டுமே இருக்கிறது. அடிபடப் போகிறவரிடம் அது இல்லை. இவரிடம் இருக்கும் அறிவு அவருக்குப் போய்ச் சேர ஒரே வழி குரல். கோல்ப் ஆட்டக்காரரின் கடமை பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

2018 செப்டெம்பரில் பாரிஸ் நகருக்கு அருகே நடைபெற்ற ரைடர் கிண்ணப் போட்டியின் முதல் நாளில், ஆறாவது குழிக்கு அமெரிக்க வீரர் புரூக்ஸ் கெப்கா அடித்த பந்து கூட்டத்துக்குள் பாய்ந்து, பார்வையாளரான பெண்மணி ஒருவரின் வலக்கண்ணைத் தாக்கியது. அந்தக் கண்ணின் பார்வை போய்விட்டது. கெப்கா அவரிடம் சென்று வருத்தம் தெரிவித்தார். தான் கூவி எச்சரித்ததாக வீரர் கூறினார். அதிகாரிகள் எவரிடமிருந்தும் எச்சரிக்கை வரவில்லை என்பது அப்பெண்மணியின் முறைப்பாடு. பல தடவை குரல் எழுப்பப்பட்டது என்றனர் ஏற்பாட்டாளர்கள். யார் சொல்வது சரி என்ற ஆராய்ச்சி இங்கு தேவையில்லை. ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த உலகப் புகழ்பெற்ற போட்டியிலேயே எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா என்பது சர்ச்சைக்குரியதாகிவிடுகிறது என்றால், சாதாரண மைதானங்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பதே விடை.

நியூயோர்க்கில் 2002 இல் நண்பர்கள் சேர்ந்து ஆடியபோது ஒருவர் அடித்த பந்து கோணிச் சென்று மற்றவரின் கண்ணைத் தாக்கியது. அங்கும் அடித்தவர் கூவினேன் என்றார்; அடிபட்டவர் எதுவும் கேட்கவில்லை என்றார். அம்மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 இல், ஆட வந்தவர் ஆட்டத்தின் இயல்பான ஆபத்துகளை ஏற்றுக்கொண்டே வந்தவர் என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டது. கலிபோர்னிய உச்ச நீதிமன்றமும் 2007 இல் ஏறத்தாழ இதே வழியிற் சென்றது. வெறும் கவனக்குறைவுக்காக சக ஆட்டக்காரர் மீது வழக்குத் தொடர முடியாது. வேண்டுமென்றே அடித்திருந்தாலோ எல்லை மீறிய அசட்டையுடன் நடந்திருந்தாலோ மாத்திரமே பொறுப்பு உண்டு என்பது அதன் நிலைப்பாடு.

ஸ்கொட்லாந்து வேறு விதமாகச் சிந்தித்தது. நிட்ரி காசில் மைதானத்தில் 2007 இல், ஒரு குழியை முடித்துக்கொண்டு அடுத்ததை நோக்கி நடந்து சென்ற புதிய ஆட்டக்காரர் ஒருவர், வேறொரு குழிக்கு அடிக்கப்பட்ட பந்தால் ஒரு கண்ணை இழந்தார். எச்சரிக்கைக் குரல் எழுந்தும் அவரால் தப்ப இயலவில்லை. ஏறக்குறைய 4 இலட்சம் பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. முதலில் அதில் 70 சதவீதத்தை அடித்தவரும் 30 சதவீதத்தைக் கழகமும் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. 2013 இல் மேன்முறையீட்டில் இது தலைகீழாகி, கழகத்துக்கு 80, அடித்தவருக்கு 20 என மாறியது. ஆட்களை ஆபத்தான பாதையில் நடக்க விட்டுவிட்டு ஓர் எச்சரிக்கைப் பலகைகூட வைக்காத கழகமே பெரிய குற்றவாளி என்று நீதிமன்றம் கருதியது.

இந்தத் தீர்ப்பிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. 'கூவிவிட்டேன், என் கடமை முடிந்தது' என்று எவரும் சொல்லித் தப்ப முடியாது. முன்னே ஆட்கள் நடந்துகொண்டிருப்பதைக் கண்டும் பொறுமையின்றி அடித்துவிட்டுப் பின்னர் தொண்டை கிழியக் கத்துவதில் பயனில்லை. அடிப்பதற்கு முன் பார்ப்பதும் காத்திருப்பதும் முதற் கடமை. அதையும் மீறிப் பந்து தவறினால் கூவுவது இரண்டாவது கடமை. இரண்டாவது முதலாவதற்கு ஈடாகாது.

எனினும் அந்த இரண்டாவது கடமையில்தான் பலர் தவறுகிறார்கள். தொலைக்காட்சியில் போட்டிகளைப் பார்ப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பந்து கூட்டத்தை நோக்கிச் செல்கிறது. வீரர் வாய் திறவாமல் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக் காட்டுகிறார். முந்நூறு யார் தொலைவில் முதுகைக் காட்டி நிற்பவருக்கு அந்தக் கை எப்படித் தெரியும்?

ஏன் கூவத் தயங்குகிறார்கள்? வெட்கம்தான் காரணம் என்பது எனது எண்ணம். 'ஃபோர்' என்று கூவுவது மைதானம் முழுவதற்கும் 'நான் தவறாக அடித்துவிட்டேன்' என்று அறிவிப்பதற்குச் சமம். பந்து எங்காவது மரத்தில் பட்டு, ஒருவரும் அறியாமல் நல்ல இடத்தில் விழுந்துவிடக் கூடும் என்ற நப்பாசையும் கூடவே இருக்கிறது. அந்த நப்பாசைக்கும் தன்மானத்துக்கும் விலையாக வைக்கப்படுவது இன்னொருவரின் கண்.

இதைச் சிரிப்புக்குரிய விடயமாக்கிவிட்ட பழக்கமும் உண்டு. 1970 இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த ஸ்பைரோ அக்னியூ, பொப் ஹோப்பின் பெயரிலான போட்டியொன்றில் தன்னோடு ஆடிய வீரரின் தலையிலேயே பந்தை அடித்தார். அடுத்த ஆண்டு அதே போட்டியில் பார்வையாளர்களைப் பதம் பார்த்தார். மேடை நகைச்சுவையாளர்களுக்குப் பல ஆண்டுகளுக்குப் போதுமான சரக்கு கிடைத்தது. அடிபட்டவர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இருந்திராது.

நமது ஊர்களில் தென்னையில் ஏறித் தேங்காய் பறிப்பவரைப் பாருங்கள். குலையை வெட்டுமுன் 'கீழே ஆர் நிக்கிறது, விலகுங்கோ' என்று குரல் கொடுக்காமல் அவர் கத்தியை வைப்பதில்லை. மேலே இருப்பவனுக்குத்தான் எது விழப் போகிறது என்று தெரியும், ஆகவே சொல்ல வேண்டியவனும் அவனே என்பதை எந்த விதிப் புத்தகமும் அவருக்குக் கற்பிக்கவில்லை. பெரும் பணம் கட்டிக் கழகங்களில் அங்கத்துவம் பெற்ற கனவான்களுக்கு இது இன்னும் கற்பிக்கப்பட வேண்டியிருக்கிறது.

ஆபத்தை ஏற்றுக்கொண்டே வந்தார்கள் என்ற அமெரிக்க நீதிமன்றங்களின் வாதம் ஆட்டக்காரர்களுக்குப் பொருந்தலாம். மைதானத்தில் இருப்போர் எல்லோரும் ஆட வந்தவர்கள் அல்லர். மட்டைப் பையைச் சுமக்கும் 'கெடி', புல் வெட்டும் தொழிலாளி ஆகியோர் சம்பளத்துக்காக நிற்பவர்கள். வெளியே செல்பவர்களோ மைதானத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். 1919 இல் இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் பொது வீதியால் சென்ற டாக்சி ஒன்றின் முன்கண்ணாடியைக் கோல்ப் பந்து உடைத்ததில் சாரதி ஒரு கண்ணை இழந்தார். வீதியோரம் அவ்வாறு குழி அமைத்தது பொதுத் தொல்லை என நீதிமன்றம் தீர்த்தது. இது நமக்கும் தூரத்து விடயமல்ல. 1879 இல் தொடங்கப்பட்ட கொழும்பு றோயல் கோல்ப் கழகத்தின் மைதானத்தை ஊடறுத்துக் களனிவெளி ரயில் பாதை செல்கிறது. நுவரெலியாவின் மைதானமோ நகரின் நடுவிலேயே இருக்கிறது.

கூவினாலும் தொலைவிலும் காற்றிலும் கேட்காது என்று வாதிடுவோர் உண்டு. கேட்டவர்கள் திரும்பிப் பார்த்து முகத்திலேயே அடி வாங்குகிறார்கள் என்பதும் அவர்களின் வாதம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குப் பரிகாரம் மௌனமல்ல. அடித்தவரோடு அருகில் நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கூவலாம். பெரிய போட்டிகளில் வழிநெடுக நிற்கும் பணியாளர்கள் அதை அடுத்தடுத்துக் கடத்தலாம். குரல் கேட்டால் நிமிர்ந்து பார்க்காமல் தலையை மூடிக் குனிய வேண்டும் என்பதை நுழைவாயிலிலேயே பலகையில் எழுதி வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கடமையை நாகரிகப் பட்டியலிலிருந்து விதிப் பட்டியலுக்கு மாற்றலாம். அதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. பழைய விதிப் புத்தகத்தில் எச்சரிக்கைக் குரல் பற்றிய வாசகம் நன்னடத்தைப் பகுதியில்தான் இருந்தது. மீறினால் தண்டனைப் புள்ளி கிடையாது. 2019 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில், பிறரின் பாதுகாப்பைக் கவனிப்பது ஆட்டக்காரரின் நடத்தை பற்றிய விதி 1.2 இற்குள் வந்தது. அத்துடன், போட்டியை நடத்தும் குழு தனக்கென ஒரு நடத்தைக் கோவையை வகுத்து, அதை மீறுவோருக்குத் தண்டனை அடிகளும் விதிக்கலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது. ஆட்கள் இருக்கும் திசையில் பந்து செல்வதைக் கண்டும் கூவாதவருக்கு இரண்டு அடிகள் தண்டனை என்று ஒவ்வொரு கழகமும் எழுதி வைக்கட்டும். வெட்கத்தால் வாய் மூடுபவர், புள்ளி போய்விடும் என்ற அச்சத்தாலாவது வாய் திறப்பார்.

நன்றாக அடிப்பதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. தவறாக அடித்ததை உரத்துச் சொல்வதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. அதைச் செய்யாதவர் எத்தனை கிண்ணங்களை வென்றிருந்தாலும், கையில் மட்டையைப் பிடிக்கும் தகுதி அவருக்கு இல்லை என்பேன்.