பதக்கத்துக்கு முன் வெப்பமானி

முதலில் ஒரு சிறு கணக்கு. மேற்கு வங்கத்தில், பாகீரதி நதியில் ஜங்கிப்பூர் அருகிலிருந்து பஹரம்பூர் வரை 81 கி.மீ. நீச்சல் போட்டி நடத்தப்பட்டு வருகிறது. முன்னணி வீரர்கள் இந்தத் தூரத்தை ஏறத்தாழ 12 மணி நேரத்தில் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேகம் மணிக்கு 6.75 கி.மீ. ஒலிம்பிக் 10 கி.மீ. நீச்சலில் தங்கம் வெல்லும் ஆடவருக்குச் சுமார் 1 மணி 50 நிமிடம் ஆகிறது. அவருடைய வேகமோ மணிக்கு 5.5 கி.மீ. கூட இல்லை! ஒலிம்பிக் வீரரையே நம்மவர்கள் மிஞ்சிவிட்டார்களா?

இல்லை. ஆறும் சேர்ந்து அவர்களைச் சுமந்து செல்கிறது. வீரர் மணிக்கு 4 கி.மீ. நீந்த, நீரோட்டம் மணிக்கு 2.75 கி.மீ. ஓடினால் கணக்குச் சரியாகிவிடும்.

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ.தான். 1966 ஏப்ரலில் இதை நீந்திக் கடக்க மிஹிர் சென்னுக்கு 25 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர்; திறமையில் குறைந்தவர் அல்லர். கடலில் ஓட்டமும் அலையும் காற்றும் நீந்துபவரைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. வரைபடத்தில் உள்ள தூரம் வேறு, உடல் கடக்கும் தூரம் வேறு.

ஆகவே, கிலோமீட்டரையும் நிமிடத்தையும் மட்டும் எழுதி வைப்பது அரைகுறைக் கணக்கு என்பதே என் கருத்து. குஜராத்தில் சோர்வாடிலிருந்து வேராவல் வரை 21 கடல் மைல், மகாராஷ்டிரத்தில் மால்வண் கடற்கரை என்று நம் நாட்டில் நல்ல போட்டிகள் பல உண்டு. எந்தப் போட்டியானாலும், வெற்றியாளரின் பெயருடன் நீரோட்டத்தின் வேகமும் நீரின் வெப்பநிலையும் அறிவிக்கப்பட வேண்டும்.

வெப்பநிலை எதற்கு என்று கேட்கலாம். அது உயிர் சம்பந்தப்பட்டது. நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் இயக்கமாகிறது, மீதி வெப்பமாகிறது. தரையில் ஓடுபவருக்கு வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். நீருக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. நீர் குளிர்ந்திருந்தால் வெப்பத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். நீரே வெதுவெதுப்பாக இருந்தால் வெப்பம் உடலிலேயே தங்கிவிடும்.

2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த 10 கி.மீ. போட்டியில், மிகவும் சூடான நீரில் நீந்திய அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் உயிரிழந்தார். அவருக்கு வயது 26. அதன் பிறகே சர்வதேச விதியில் 31 டிகிரி செல்சியஸ் என்ற உச்சவரம்பு வந்தது. போட்டி தொடங்க 2 மணி நேரம் முன்பு, 40 செ.மீ. ஆழத்தில் வெப்பநிலையை அளக்க வேண்டும் என்கிறது அவ்விதி.

"மிஹிர் சென் வெப்பமானி வைத்துக்கொண்டா நீந்தினார்?" என்று சிலர் கேட்பார்கள். துணிச்சல் வேண்டும்தான். ஆனால் கிரிப்பனுக்குத் துணிச்சலும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. சூடான நீருக்கு அவை தெரியாது. நம்முடையதோ வெப்ப நாடு. சிறுவர் சிறுமியரும் இங்கே நீண்ட தூரம் நீந்துகிறார்கள். ஒரு வெப்பமானியின் விலை ஒரு கோப்பையின் விலையை விடக் குறைவு.

மாணவர்களே, உங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தின் மேல் பெரியவர் ஒருவருடன் நின்றுகொண்டு, மிதந்து செல்லும் சருகு 50 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். நீரில் இறங்க வேண்டாம். நீரோட்டத்தின் வேகம் கிடைத்துவிடும். அடுத்த முறை ஒரு நீச்சல் சாதனையைப் பத்திரிகையில் படிக்கும்போது, நீர் எப்படி இருந்தது என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு வந்துவிடும்.