மழைக்குத் தைரியம் போதாது

சைக்கிளில் தூர தேசம் போய்வந்தவர்கள் கதை சொல்லும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வெயிலில் போன பத்து நாளைப் பற்றி ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். மழையில் மாட்டிய ஒரு நாளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். கேட்பவர்களுக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. ஓரிகன் கடற்கரையில் நானும் மருமகனும் சைக்கிள் ஓட்டியதைக் காலை நடை நண்பர்களிடம் சொன்னபோது, "அறுபத்திரண்டு வயசுல, அந்தக் குளிர்ல, மழையில, மலைமேல சைக்கிளா? உங்களுக்கு ரொம்பத் தைரியம் சார்" என்றார்கள். பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அன்றைக்கு நான் முழுசாக வந்து சேர்ந்ததற்கும் என் தைரியத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. அந்தச் சாலையில் பல இடங்களில், மழையில் ஒருவன் சைக்கிளோடு வருவான் என்று யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். யோசிக்காத இடங்களில் தைரியம் ஒன்றுக்கும் உதவவில்லை. முப்பது வருஷம் சாலை வேலையில் இருந்தவன், இதைச் சொல்லாமல் பாராட்டை மட்டும் வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் மாநிலத்தின் கடலோரமாக 101-ம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. வடக்கே அஸ்டோரியாவில் தொடங்கித் தெற்கே கலிஃபோர்னியா எல்லை வரை ஏறத்தாழ 600 கி.மீ. கடலோரச் சாலை என்றதும் நம் ஊர்க் கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி பலகையாகக் கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கே மலை நேராகக் கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு முனையிலும் சாலை மேலே ஏறி, மறுபக்கம் ஆற்றின் முகத்துவாரம் வரை இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏறும். கோடையில் காற்று வடமேற்கிலிருந்து அடிப்பதால் சைக்கிள்காரர்கள் எல்லோரும் வடக்கிலிருந்து தெற்காகத்தான் போகிறார்கள். முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். மழையைக் கொண்டுவரும் காற்றோ பெரும்பாலும் தெற்கிலிருந்து வருவது. ஆகவே மழைநாளில் நனைவது மட்டுமில்லை, அதுவரை தள்ளிவிட்ட கை இப்போது மார்பில் வந்து உட்காரும்.

நாங்கள் புறப்பட்ட நாலாம் நாள் அப்படி ஒரு நாள். ஜூன் மாதம்தான், ஆனால் வெப்பம் 11 டிகிரி. லிங்கன் சிட்டி கூடாரத்திலிருந்து நியூபோர்ட்டைத் தாண்டி சவுத் பீச் வரை ஐம்பது கி.மீ. போக வேண்டும். நல்ல நாளில் மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற தூரம்.

நமக்கு மழை என்றால் ஒரு சந்தோஷம் உண்டு. ஐப்பசி மழையில் நனைந்தால் அம்மா தலையைத் துவட்டி மிளகு ரசம் கொடுப்பாள், அவ்வளவுதான். அந்த நினைப்போடு 11 டிகிரி மழையில் இறங்கக் கூடாது. உடம்பின் உள்வெப்பம் 37-ல் இருப்பது 35-க்குக் கீழே இறங்கினாலே அது மருத்துவ விஷயம். பனி கொட்டும் இடத்தில்தான் அது நடக்கும் என்பதில்லை, ஈரத் துணியும் காற்றும் போதும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். இதில் மேடுபள்ளமான கரைக்கென்று தனியான ஒரு குறும்பு உண்டு. ஏற்றத்தில் மணிக்கு ஆறேழு கி.மீ. வேகத்தில் மூச்சு வாங்கும்போது மழைக்கோட்டுக்குள் வியர்த்து உள்ளிருந்து நனைகிறோம். உச்சியைத் தாண்டியதும் அதே ஈரத்தோடு நாற்பது கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் விழுகிறோம். சமதரையில் ஓட்டுகிறவனுக்கு இந்தத் தண்டனை இல்லை.

மருமகன் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். பருத்திச் சட்டையைப் பையிலேயே வைக்க விடவில்லை, கம்பளி பனியன்தான். ஷூவுக்குள் காலுறைமேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். சிரித்துக்கொண்டே செய்தேன், நாள் முழுக்க அந்த ரொட்டிப் பையை வாழ்த்தினேன். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் நிறுத்துவார். "மாமா, கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டுங்க."

"தொட முடியுது மாப்பிள்ளை."

"தொட முடியலைன்னா பிரேக்கும் பிடிக்க முடியாது மாமா. அப்ப இறங்கி நடந்துடலாம்."

இதில் தைரியம் எங்கே வருகிறது? விரல் மரத்துப்போனால் மரத்துப்போனதுதான். அதோடு எங்கள் சைக்கிளில் சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய பாணி பிரேக். விளிம்பு நனைந்திருந்தால் முதல் சில சுற்றுக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டுத்தான் பிடிக்கவே தொடங்கும்.

இப்போது சாலைக்கு வருகிறேன். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் தார் ஓரத்தை நாங்கள் ஷோல்டர் என்போம். அந்தச் சாலையில் சில மைலுக்கு அது நாலைந்து அடி அகலம் இருக்கும், திடீரென்று அரை அடியாகச் சுருங்கிவிடும். முதல் மூன்று நாள் வெயிலில் இந்த வித்தியாசம் எனக்கு ஒரு தொழில்முறைக் குறிப்பு, அவ்வளவுதான். நாலாம் நாள் அது வேறு விஷயமாகிவிட்டது. மரம் ஏற்றிய லாரி ஒன்று தாண்டும்போது, சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரில் மூன்று நான்கு நொடிக்கு எதுவும் தெரியாது. ஐந்தடி ஓரம் இருந்தால் அந்த நான்கு நொடி ஒரு எரிச்சல். அரை அடி இருந்தால் அந்த நான்கு நொடியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். ஓட்டுகிறவன் அதே ஆள், அதே தைரியம், மாறியது நாலரை அடித் தார்.

நம் ஊரில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு எடுக்கும்போது ஒரு சைக்கிளை அரை கார் என்று போடுவோம். இடம் எவ்வளவு அடைக்கிறது என்பதற்கான கணக்கு அது, தப்பில்லை. ஆனால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணி, ஆள் குறைவாக இருக்கிறார்கள், ஆகவே ஓரம் வேண்டாம் என்று முடிவெடுக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்த எண்ணிக்கையை நல்ல நாளில் எடுப்பார்கள். ஓரம் இல்லாத சாலையில் எடுப்பார்கள். வர பயந்தவனை யார் எண்ணுவது? என் அபிப்பிராயம், ஓரத்தின் அகலத்தை முடிவு செய்ய வேண்டியது வருஷத்தின் மோசமான நாளை வைத்துத்தான். பாலத்தைப் பெருவெள்ளத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டுகிறோமே, கோடையில் ஆறு வறண்டு கிடக்கிறது என்று விட்டுவிடுகிறோமா?

ஓரிகன்காரர்கள் இதை ஒரு சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 1971-ல் டான் ஸ்டாத்தோஸ் என்ற குடியரசுக் கட்சி சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்தார், ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். சாலையைப் புதிதாகப் போட்டாலோ, திருப்பிக் கட்டினாலோ, இடம் மாற்றினாலோ நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழி விட வேண்டும். நெடுஞ்சாலை நிதியில் குறைந்தது 1 சதவீதம் இதற்குப் போக வேண்டும். நூற்றுக்கு ஒரு ரூபாய். கேன்னன் பீச்சுக்குத் தெற்கே ஆர்ச் கேப் என்ற இடத்தில் ஒரு சுரங்கப்பாதை வருகிறது. நுழைவாயிலில் ஒரு பொத்தான். சைக்கிள்காரன் அதை அழுத்தினால் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்து, உள்ளே சைக்கிள் இருக்கிறது என்று கார்களை எச்சரிக்கும். ஒரு பொத்தான், இரண்டு விளக்கு. அதை அழுத்திவிட்டு நான் உள்ளே போனபோது பின்னால் வந்த கார் பொறுமையாக என் வேகத்துக்கே வந்தது.

மழைநாளுக்குத் திரும்புகிறேன். டிப்போ பே தாண்டியதும் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. 101 மலைக்கு உள்பக்கமாக விலகிப் போகிறது. பழைய 101 கடலோரமாகவே ஓட்டர் க்ரெஸ்ட் என்ற கிளைச்சாலையாக மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு பகுதியில் கார்கள் தெற்கு நோக்கி மட்டும்தான் போகலாம். மிச்ச அகலம் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும். புதுச் சாலை வந்ததும் பழையதை மூடிவிடாமல் இப்படிச் செய்யத் தோன்றியதே, அந்தப் பொறியாளருக்கு ஒரு கும்பிடு. அந்தச் சாலை ஏறி நிற்கும் முனைக்குக் கேப் ஃபவுல்வெதர் என்று பெயர், கெட்ட வானிலை முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1778 மார்ச் 7 அன்று கேப்டன் குக் கப்பலிலிருந்து பார்த்து வைத்த பெயர். கடலிலிருந்து சுமார் 500 அடி உயரம். அவர் பார்த்த வானிலை நாங்கள் போனபோதும் அப்படியே இருந்தது. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கீழே கேட்டது. ஆனால் பின்னால் லாரி இல்லை என்பதால் அன்றைய பயணத்திலேயே நான் பாட்டு முணுமுணுத்தது அந்த ஏற்றத்தில்தான்.

நியூபோர்ட் வந்தபோது நடுக்கம் நிற்கவில்லை. காசு போட்டுத் துவைக்கும் கடை ஒன்றில் நுழைந்து, மழைக்கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் உலர்த்தும் எந்திரத்தில் திணித்தோம். முக்கால் மணி நேரம் அதன் கண்ணாடிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். மழையில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் கோயிலைப் போல நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

அடுத்து யாக்வினா பே பாலம். 1936-ல் கட்டியது, காண்டே மெக்கல்லோ வடிவமைத்தது. அந்த வருஷம் இந்தக் கடற்கரையில் அவர் பெயரில் ஐந்து பெரிய பாலங்கள் முடிந்தன. வளைவும் தூண்களும் பார்த்தால் ஒரு பொறியாளனுக்குக் கண் கலங்கும். ஆனால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டே தடம், ஷோல்டர் என்பதே கிடையாது. 1971 சட்டம் திருப்பிக் கட்டும் சாலைக்குத்தான், நின்றுகொண்டிருக்கும் பாலத்துக்கு இல்லை. பக்கக் காற்றில் மூட்டையோடு சைக்கிள் ஆடியது. ஓட்டலாமா என்று மருமகன் கேட்கவே இல்லை. இருவரும் இறங்கி, குறுகலான நடைமேடையில் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு போனோம். பின்னால் வந்த இளைஞன் ஒருவன் ஓட்டியே போனான். அவன் பின்னால் ஏழெட்டுக் கார், ஒரு ஹாரன். அவனுக்குத் தைரியம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் அவன் உயிர் இருந்தது பின்னால் வந்த கார்காரரின் பொறுமையில்.

மழை என்றால் கூடாரத்திலேயே இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கலாம். நிறுத்திக்கொள்வது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நிறுத்த முடிவதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். ஓரிகன் கடற்கரையின் அரசுப் பூங்காக்கள் பலவற்றில் நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்கென்று தனி முகாம் இடம் இருக்கிறது. முன்பதிவு கிடையாது. சில டாலர் கட்டணம், வெந்நீர்க் குளியல் அதிலேயே அடக்கம். காரில் வருகிறவன் இடமில்லை என்றால் அடுத்த ஊருக்கு அரை மணியில் போய்விடுவான். நனைந்த சைக்கிள்காரனால் அது முடியாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்ததன் விளைவு இது. இடம் கிடைக்கும் என்று தெரிந்ததால்தான் துவைக்கும் கடையில் முக்கால் மணி நேரம் நிதானமாக நிற்க முடிந்தது. தெரியாதவன் இருட்டுமுன் போக வேண்டுமே என்று ஈரத் துணியோடு கிளம்பியிருப்பான்.

சவுத் பீச்சில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே ஐந்து கூடாரங்கள் இருந்தன. பாலத்தில் ஓட்டிப் போன இளைஞன் குளித்துவிட்டு வந்து, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். மருமகன் அடுப்பைப் பற்றவைத்து ரவை வறுக்கத் தொடங்கினார். மழை விட்டபாடில்லை.