சயனைடு மேட்டடியில் எதைக் கட்டுவது?

ஆனி பிறந்து காற்று புறப்பட்டால் தங்கவயலில் நம் தாய்மார்கள் செய்யும் முதல் வேலை, தண்ணீர்ப் பானையின் வாயைத் துணியால் கட்டுவது. கொடியில் காயும் துணிமணிகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவது இரண்டாவது வேலை. சயனைடு மேட்டிலிருந்து எழும் பொடி சோற்றிலும் விழும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் கண்ணிலும் விழும். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பொடியை மட்டும் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அது இன்றும் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வருகிறது.

இப்போது மேடுகளைப் பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. தங்கவயலில் 1,003 ஏக்கரில் பரந்து கிடக்கும் 13 மேடுகளை ஏலம் விட்டு, அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்க மத்திய அரசு போட்ட திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மேடுகளில் உள்ள மண் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்பது கணக்கு. இவ்வளவு மண்ணையும் ஒரே நாளில் அள்ள முடியாது. ஒரு மேடு கரையும், இன்னொன்று நிற்கும். ஒரு துண்டு நிலம் விடுபடும், அடுத்த துண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். அப்படித் துண்டு துண்டாக வெளிப்படும் நிலத்தில் என்ன வரப்போகிறது? யாருக்காக வரப்போகிறது? இதை இன்றைக்கே கேட்காவிட்டால், நாளைக்கு நமக்குக் கிடைப்பது வேலியும் ‘உள்ளே வராதே’ என்ற பலகையும்தான்.

முதலில் அந்த மேட்டில் இருப்பது என்ன என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 120 ஆண்டுகள் நம்மவர்கள் பாறையை வெட்டி மேலே அனுப்பினார்கள். அதை மில்லில் மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டார்கள். எஞ்சிய சேற்றை வெளியே கொட்டினார்கள். சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. சேறு நம் வாசலில் தங்கிற்று. வெயிலும் காற்றும் பட்டால் சயனைடு காலப்போக்கில் சிதைந்துவிடும். ஆனால் பாறையோடு வந்த ஆர்செனிக் போன்ற நஞ்சுகள் சிதைவதில்லை. மழை நீரோடு இறங்கிக் கிணற்றைத் தேடும். மாவாக இடிந்த வெள்ளைக்கல்லோ நுரையீரலைத் தேடும். அந்தக் கல்மாவு என்ன செய்யும் என்பதற்குச் சான்று நம் பாட்டன்மார்களின் மார்புதான். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 3,402 பேருக்கு சிலிகோசிஸ் இருந்தது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கு மேல்!

இப்படிப்பட்ட நிலத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழுகிறது. முழுக்கச் சுத்தமாகும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்பது ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போபாலைப் பாருங்கள். 1984இல் விஷவாயு கசிந்து மூடிக்கிடந்த ஆலையிலிருந்து 337 டன் நச்சுக் கழிவை வெளியே எடுத்தது 2025 ஜனவரியில்! நாற்பது ஆண்டுகள்! அதுவும் மேலே இருந்த கழிவு மட்டும்; மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் இறங்கியது இன்னும் அங்கேயே இருக்கிறது. ஏழைகளின் ஊரில் ‘சுத்தமாகும் வரை’ என்பதற்கு ‘எப்போதுமில்லை’ என்றே பொருள்.

உடனே கான்கிரீட்டைக் கொட்டித் தொழிற்பேட்டை கட்டு என்பது மற்றொன்று. வேலை வேண்டும் என்ற தவிப்பில் நம் இளைஞர்களும் இதற்குக் கை தட்டுகிறார்கள். ஆனால் அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டினால் அடங்கிக்கிடந்த நஞ்சு கிளம்பும். கீழே, வரைபடத்தில் இருப்பதும் இல்லாததுமாகப் பழைய சுரங்கப் பாதைகள் தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. கனத்த கட்டடத்தை அந்த நிலத்தின் தலையில் ஏற்றுவதும், கட்டிய பிறகு அடியில் மண் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அறிவுடையார் செயலாகாது. பல கோடி போட்டுக் கட்டியதை யார் இடிப்பார்கள்? மண்ணின் குறையை மறைப்பார்கள். உள்ளே வேலை செய்யும் நம் பிள்ளைதான் இருமுவான்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. நிலத்தைத் தோண்டாமல், அதன்மேல் அழுந்தாமல், பிரித்து வேறிடம் கொண்டுபோகும்படி இலகுவாகக் கட்டுவது. ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கப்பல் பட்டறை ஒன்று மூடப்பட்டு, மண் நஞ்சேறிக் கிடந்தது. நகராட்சி அதைப் பத்தாண்டுக் குத்தகைக்கு விட்டது. எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? கழித்துப்போட்ட பழைய படகு வீடுகளைத் தூக்கிவந்து தரைமேல் வைத்தார்கள். அவற்றைப் பட்டறைகளாகவும் அலுவலகங்களாகவும் மாற்றினார்கள். மண்ணை மிதிக்காமல் நடக்க மரப்பலகையால் நடைபாதை போட்டார்கள். கழிவுநீர்க் குழாய்க்குக்கூடத் தரையைத் தோண்டவில்லை; தண்ணீரில்லாக் கழிப்பறை வைத்தார்கள். நஞ்சை ஈர்க்கும் செடிகளைச் சுற்றிலும் நட்டார்கள். 2014இல் அந்த இடம் திறக்கப்பட்டது. டி க்யூவல் என்பது அதன் பெயர். செடி மண்ணைச் சுத்தம் செய்வது மெல்ல நடக்கும் வேலை. ஆனால் அதுவரை நிலம் பாழாய்க் கிடக்கவில்லை என்பதே நாம் அறிய வேண்டியது.

தங்கவயலில் இது முடியுமா? முடியும் என்பதைச் சினிமாக்காரர்களே காட்டிவிட்டார்கள். கே.ஜி.எஃப். படத்துக்கு மேட்டின்மேல் ஊரே எழுந்தது. வேலை முடிந்ததும் பிரித்தார்கள். 2019 ஆகஸ்டில் இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பால் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று தொடுத்த வழக்கில் உள்ளூர் நீதிமன்றம் தடையும் விதித்தது. பிரித்தெடுக்கும் கட்டடமாயினும் விதியில்லாமல் எழுப்பினால் தீங்குதான் என்பது இதிலுள்ள பாடம்.

ஆகவே விதிகளைச் சொல்வோம். விடுபட்ட துண்டு நிலத்தை முதலில் சோதித்து, மேலே தாள்விரிப்பும் நல்ல மண்ணும் இட்டு மூட வேண்டும். அதன்மேல் பாளங்களை வைத்து, தரையை இரண்டு அடி தூக்கி, போல்ட்டால் முடுக்கும் இரும்புச் சட்டத்தில் கொட்டகை எழுப்பலாம். ஆழ்குழாய்க் கிணறு கூடாது. தண்ணீர் வெளியிலிருந்து குழாயில் வரட்டும். உறிஞ்சுகுழி கூடாது, கழிவுத் தொட்டி தரைக்கு மேலே இருக்கட்டும். காற்று வரும் பக்கமெல்லாம் வெட்டிவேர் நடலாம். சுரங்கக் கழிவு மண்ணிலும் பிடித்து நின்று மண்ணைக் கட்டும் பயிர் அது. ஆனால் அந்த வேரைப் பறித்துப் பானைத் தண்ணீரில் போடக்கூடாது, புல்லை மாட்டுக்குப் போடக்கூடாது என்பதை வீட்டுக்கு வீடு சொல்லியாக வேண்டும். அங்கே பட்டறை வரலாம், கிடங்கு வரலாம், தொழிற்பயிற்சிக் கொட்டகை வரலாம், சூரிய மின்தகடு வரலாம். குழந்தைகள் காப்பகமும் சமையற்கூடமும் குடியிருப்பும் ஒருபோதும் வரக்கூடாது. அவற்றுக்கு நல்ல மண் வேண்டும்.

இதைக் கட்ட வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. பிட்டர், வெல்டர், டிம்பர்மேன் என்று மூன்று தலைமுறை இரும்போடும் மரத்தோடும் புழங்கிய ஊர் இது. அவர்களின் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் யாருடைய கட்டடத்துக்கோ சட்டம் முடுக்கிவிட்டு இரவில் திரும்புகிறார்கள். அந்தக் கைகளுக்கு ஊரிலேயே வேலை உண்டு.

இங்கே நம் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். “தம்பி, தற்காலிகம் என்ற சொல்லை எங்களிடமா சொல்கிறாய்?” என்பார்கள். நியாயம்தான். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோர்களைக் கம்பெனி மூங்கில் தட்டிக் குடிசைகளில் குடிவைத்தது. தட்டி போய்த் தகரம் வந்தது. லைன் வீடு லைன் வீடாகவே நின்றது. தற்காலிகக் குடிசையில் பிறந்தவர்கள் அதே லைனில் பேரன் எடுத்தார்கள். நம்மைத் தற்காலிகமாக வைத்தார்கள். குவித்த மண்ணை நிரந்தரமாக வைத்தார்கள். இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே நம் வாதம். கூரை கழன்று மாறலாம். அதன்கீழ் வேலை செய்பவனின் கூலியும், சேமநிதியும், வீட்டுப் பட்டாவும் கழன்று மாறக்கூடாது. ‘கொட்டகை தற்காலிகம், ஆகவே நீயும் தற்காலிகம்’ என்று எவனாவது சொன்னால், அவன் தட்டிக் குடிசைக் காலத்துக் கங்காணியின் வாரிசு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று, மேட்டு மண்ணை அள்ளும் நாளிலிருந்தே புழுதியை அடக்க நீர் தெளிப்பும் மறைப்பும் ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கப்பட வேண்டும். தங்கத்தை எடுத்த பின் மிஞ்சும் மண் எங்கே போகும் என்பதை முன்னதாகவே ஊருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு துண்டு நிலத்தின் மண், நீர்ச் சோதனை முடிவும் தமிழிலும் கன்னடத்திலும் ஊரறிய ஒட்டப்பட வேண்டும்.

மூன்று, இலகு கட்டடங்களுக்கு நிலம் விடும்போது சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலுரிமை வேண்டும். குத்தகைக் காலம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் முடிந்தால் கொட்டகையைப் பிரித்து மாற்றிவைக்கும் செலவு அரசினுடையது.

நான்கு, குடியிருக்கும் வீட்டின் உரிமையை இந்தத் திட்டத்தோடு முடிச்சுப் போடக்கூடாது. அது தனிக் கடன். நமக்கு வர வேண்டிய பழைய கடன்.

1930இல் கைரேகை வைக்கச் சொன்னபோது, ‘நாங்கள் குற்றவாளிகளா?’ என்று கேட்டு வேலையை நிறுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். படிப்பறியாத அவர்கள், எதற்குக் கைரேகை வைக்கக்கூடாது என்பதை அறிந்திருந்தார்கள். படித்த நாம், நம் வாசலில் எதைக் கட்டக்கூடாது, எதைக் கட்டலாம் என்பதை அறிந்து பேச வேண்டாமா? ரயில் பெட்டியில் பேசுங்கள். தேநீர்க்கடையில் பேசுங்கள். பானைக்குத் துணி கட்டும் தாயைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து முதலில் பேசச் சொல்லுங்கள். மேட்டைப் பற்றி அவளைவிட நன்றாகத் தெரிந்த நிபுணர் எவருமில்லை.