பாலாடைக்கட்டி தந்த கத்தரி

கொச்சி வைட்டிலாவின் பீட்ஸா கடைகளில் நூல் நூலாக இழுபடும் மோஸரெல்லா சீஸை ரசிப்பவர்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த சீஸுக்காகப் பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா அது. நம் வீட்டு உறைமோர் செய்யும் வேலைதான். அளவு பெரிது, ஆபத்தும் பெரிது. பேஜ் எனப்படும் வைரஸ்கள் தொட்டியில் புகுந்தால் பாக்டீரியா மடியும், பால் புளிக்காது, ஒரு தொட்டிப் பாலும் வீண்.

2004-இல் பிரெஞ்சு, பெல்ஜிய விஞ்ஞானிகள் இந்த பாக்டீரியாவின் இரண்டு ரகங்களுடைய மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். சுமார் 18 லட்சம் எழுத்துகள். நிமோனியா கிருமியின் உறவான இது, பாலிலேயே குடியிருந்து, நோய் தரும் மரபணுக்கள் பலவற்றை இழந்து சாதுவாகிவிட்டது தெரிந்தது. இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது; இடையிடையே வேற்றுத் துணுக்குகள். அவற்றில் பல, பேஜ்களின் டி.என்.ஏ.வுடன் ஒத்துப்போயின.

காரணத்தை 2007-இல் நிரூபித்தவர்கள் டானிஸ்கோ என்ற டென்மார்க் உணவுப்பொருள் நிறுவனத்தின் விஞ்ஞானிகள். பேஜ் தாக்குதலில் பிழைத்த பாக்டீரியாக்களில் புதிய துணுக்குகள் சேர்ந்திருந்தன. துணுக்கை நீக்கினால் எதிர்ப்புச் சக்தி போயிற்று, சேர்த்தால் வந்தது. எதிரியின் அங்க அடையாளத்தைக் குறித்துவைத்து, மறுபடி வந்தால் வெட்டிப்போடும் ஏற்பாடு. பெயர், கிரிஸ்பர்.

வேறொரு பாக்டீரியாவில் உள்ள இதே ஏற்பாட்டை, விரும்பிய இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரியாக 2012-இல் மாற்றிக் காட்டினார்கள் எம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவரும். 2020-இல் வேதியியல் நோபல் பரிசு. 2023 இறுதியில் இக்கத்தரியால் ஆன முதல் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. நோயாளியின் ரத்த மூல செல்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். தீர்க்கப்படும் நோய்களில் ஒன்று, அரிவாள் செல் சோகை.

கேரளத்துக்கு இந்த நோய் அந்நியமல்ல. வயநாடு, அட்டப்பாடி பழங்குடியினர் தலைமுறைகளாக அதன் வலியைச் சுமக்கிறார்கள். எல்லைக்கு இந்தப்புறம் நீலகிரியிலும் அதே கதை. அமெரிக்காவில் சிகிச்சைக்கு அறிவிக்கப்பட்ட விலை, ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர். மூட்டுவலியோடு தோட்டக் கூலிக்குப் போகிறவருக்கு இது வெறும் எண்.

சீஸ் தொட்டியைக் காப்பாற்றக் கிளம்பிய ஆராய்ச்சி மனித ரத்தம் வரை வந்துவிட்டது. மலையேறி வயநாட்டுக் குடிசைக்குப் போய்ச்சேர வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கடைசித் தூரம் விஞ்ஞானிகளின் கையில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுக்க யாரும் காசு கேட்பதில்லை. அதன் உறவிலிருந்து பிறந்த மருந்துக்கு நியாயமான விலை வேண்டும் என்று அரசுகள் கேட்கலாம்.