மாரிக்குப் பின்

மாரி ஓய்ந்துவிட்டது. உடையார்கட்டுக் குளத்தின் வான் இரைச்சல் அடங்கி, விடியலிற் பனி மாத்திரம் வயல்மேற் படிந்து நிற்கின்றது. "புயலுக்குப் பின் உங்கள் ஊர்ப் புதினம் என்ன?" என்று அன்பர் சிலர் எழுதிக் கேட்டிருக்கின்றனர். புதினம் நிறைய உண்டு.

2025 நவம்பர் 28 ஆம் நாள் கிழக்குக் கரையில் ஏறி, வடக்கு நோக்கி ஊர்ந்த அப்புயலுக்கு டித்வா என்று பெயர். யேமன் நாட்டினர் சூட்டிய பெயர் அது. சொகோத்திராத் தீவிலுள்ள கடனீரேரி ஒன்றைக் குறிப்பதாம். மலைநாட்டிலே கண்டி, நுவரெலியா, பதுளைப் பகுதிகளில் மண் சரிந்தது. நாடு முழுவதிலும் இறந்தோர் தொகை 600 ஐக் கடந்தது. நமக்கு மலையில்லை, ஆதலால் மண் சரியவில்லை. வந்தது நீர் மட்டுமே, அதுவே போதுமாயிருந்தது. மட்டம் வெடிக்கும் பருவத்திலிருந்த காலபோகப் பயிர் தாழ்ந்த காணிகளில் நாட்கணக்காய் மூழ்கிக் கிடந்தது.

ஊர் முதியோரிடம் புயலைப்பற்றிக் கேட்டால் 1964 டிசெம்பரிற் தொடங்குவர். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அச்சூறாவளியே அவர்களுக்கு அளவுகோல். அவர்தம் மக்களோ 2008 நவம்பரில் வந்த நிஷாவைச் சொல்லுவர். போரினால் இடம்பெயர்ந்து வந்தோர் தறப்பாள்களின் கீழிருந்து கண்ட புயல் அது. அடுத்த சில மாதங்களுக்குள் ஊரே வெறுமையாயிற்று. பேரப்பிள்ளைகட்கு நினைவிருப்பது 2018 டிசெம்பர் வெள்ளம். ஒரு வீட்டுத் திண்ணையிலேயே இம்மூன்று கணக்கையும் கேட்கலாம்.

ஆயினும் இங்குள்ள மாட்டுக்காரர் அஞ்சியது இவற்றுள் எதனையுமன்று, 2022 டிசெம்பரையே. அவ்வாண்டு மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் நின்ற நின்ற இடங்களிலேயே விழுந்து இறந்தன. வெள்ளத்தில் மாடு இறப்பது நாம் அறிந்ததே; குளிரில் இறக்குமென்று வன்னியில் யார் நினைத்தார்? காரணம் விளங்காததன்று. நமது பட்டிக்குக் கூரையில்லை. நனைந்த தோலின்மேற் காற்று ஓயாது வீசும்போது உடற்சூடு விரைந்து கழிகின்றது. மாட்டுக்கு உள்ளிருந்து சூடு தருவது அதன் இரைப்பையிற் புளிக்கும் புல்லும் வைக்கோலுமே. இரண்டு நாள் மேய்ச்சலின்றி நின்ற மாட்டுக்கு அந்த அடுப்பும் அணைந்துவிடுகின்றது. கன்றுகளும் மெலிந்த கிழட்டுப் பசுக்களும் முதலில் விழும்.

இம்முறை நம் அயலவர் ஒருவர், வானிலை அறிவித்தலை வானொலியிற் கேட்டவுடனேயே பட்டியை மேட்டுக்குச் சாய்த்துவிட்டார். சிறுபோக வைக்கோலைத் தறப்பாளால் மூடி வைத்திருந்து, மழை பெய்யப்பெய்ய உதறிப் போட்டார். "வயிறு நிறைஞ்சிருந்தா நனைஞ்சாலும் தாங்கும் ஐயா" என்பது அவர் கட்சி. ஒரு கன்று தவிர மற்றெல்லாம் பிழைத்தன. ஆனால் எல்லோரிடமும் வைக்கோல் இல்லை, மேடும் இல்லை. காலபோகத்தில் வயலெல்லாம் விதைக்கப்பட்டுவிட, மாடுகள் போக்கிடமின்றிக் காட்டோரங்களில் அலைகின்றன. மேய்ச்சற்றரை ஒதுக்கித் தருக என்னும் கோரிக்கை வன்னியில் நெடுநாளையது. குளிர் வந்து கொல்லுமுன், இடமின்மை பாதி கொன்றுவிடுகின்றது என்றே நாம் கருதுகின்றோம்.

தை பிறக்குமுன் ஓர் அலுவலாய் யாழ்ப்பாணம் சென்றுவந்தோம். விசுவமடு, தருமபுரம், பரந்தன் என்று பஸ் வண்டி போகும் வழியெங்கும் வீதியின் இருமருங்கும் நீர். ஆனையிறவில் வானமும் நீரும் ஒரே நிறமாயிருந்தன. நகரைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சந்தையிற் காய்கறி விலை கேட்டு விட்டு, வாங்காமல் நகர்வோரே மிகுதி.

பஸ்ஸில் நம் அருகே அமர்ந்து வந்தவள் நம்மூர் மாணவி ஒருத்தி. 2025 நவம்பர் 10 ஆம் நாள் தொடங்கிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை, மாத இறுதியிற் புயலினால் நிறுத்தப்பட்டதை அறிவீர்கள். எஞ்சிய வினாத்தாள்களுக்கு 2026 ஜனவரி 12 இலிருந்து நாள் குறிக்கப்பட்டிருந்தது. அவளுடைய குறிப்புப் புத்தகங்களிற் பாதி நனைந்து ஒட்டிக்கொண்டன. வெயிலிற் காயவைத்துப் பிரித்தபோது மை பரந்து எழுத்துப் போயிருந்ததாம். பழைய வினாத்தாள் தொகுதிகள் வாங்கவும், நூலகத்தில் இருந்து படிக்கவும் போகின்றாள்.

"பாதிச் சோதினையோட நிக்கிறன் மாமா. எழுதினதை மறக்கவும் ஏலாமக் கிடக்கு, மிச்சத்தைப் படிக்கவும் மனசு வருகுதில்லை" என்றாள்.

இதற்கு என்ன விடை சொல்வது? பெரும்பாலான கற்கைநெறிகளில் பல்கலைக்கழக இடங்களுள் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. முல்லைத்தீவு அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இக்கணக்கெல்லாம் அவளுக்கு நம்மிலும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு புள்ளியாய் எண்ணிக்கொண்டிருந்தாள். நாம் கடலைச் சரையை நீட்டினோம். ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

பிற்பகலிற் பொதுநூலகத்தில் மறுபடி கண்டோம். 1981 இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்து, பின் மீண்டும் எழுந்த அக்கட்டடத்தில், சாளரத்தோரம் தலை நிமிராது எழுதிக்கொண்டிருந்தாள். நாம் அழைக்கவில்லை.

பரீட்சை முடிந்து வீடு திரும்பியவளிடம் எப்படியென்று கேட்டோம். "எழுதியிருக்கிறன்" என்றதோடு விட்டாள். தகப்பனாருக்கு அதைக் கேட்க நேரமில்லை. மேட்டு வயலை இயந்திரம் வெட்டிவிட்டது. தாழ்ந்த காணியில் ஈரம் காயாமையால் அது இறங்காதாம். கதிரோ சாயத் தொடங்கிவிட்டது. இந்தக் கிழமை முழுவதும் அவர் அரிவு வெட்ட ஆள் தேடி வீடு வீடாய்த் திரிகின்றார். அரிவாள் பிடிக்கத் தெரிந்தவர் ஊரில் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களுட் பலர் நாரி வலி என்கின்றனர். நேற்று மாலை நாம் கண்டபோது, தாயும் மகளும் பழைய அரிவாள் இரண்டைத் திண்ணையிற் போட்டுத் தீட்டிக்கொண்டிருந்தனர்.